அந்தால்யா கடற்கரைப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கியின் தென்கரையில் மேற்கே ஃபெத்தியே, கிழக்கே அலான்யா. இரண்டுக்கும் நடுவே, மத்திய தரைக்கடலைப் பார்த்தபடி செங்குத்துப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிற ஊர் அந்தால்யா. நான் முதல் தடவை போனபோது, ஓட்டலில் விற்ற டூர்களில் பாதியை வாங்கினேன். ஆறு நாளில் பதினொரு இடம். வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டினால் எது எந்த ஊர் என்றே சொல்லத் தெரியவில்லை. அதன்பின் போன மூன்று தடவையும் ஒரு நாளைக்கு ஒரே இடம் என்று வைத்துக்கொண்டேன். கிளம்புமுன் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளுக்கு அந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

மத்திய தரைக்கடலில் எத்தனையோ கரைகள் இருக்க, ஏன் இந்தக் கரை?

இங்கே குளிக்கிற கடலும் பார்க்கிற பழைய ஊரும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கெமெர் என்ற கரையோர ஊருக்குத் தெற்கே பாசெலிஸ் என்று ஓர் ஊர். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய துறைமுகம். மூன்று துறைகள், நடுவே கல் பாவிய ஒரு தெரு, இருபுறமும் பைன் மரங்கள். தெருவில் நடந்து வந்து, மரத்தடியில் துணியை வைத்துவிட்டு, அப்படியே தண்ணீரில் இறங்கிவிடலாம். கழுத்தளவு நீரில் நின்று திரும்பிப் பார்த்தால் பழைய ஊரின் சுவர்கள். அவற்றுக்குப் பின்னால் மலை.

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் போய்வந்த அத்தாலியா, பெர்கே, பத்தாரா, லீசியா நாட்டு மீறா எல்லாம் இந்தக் கரையில்தான் இருக்கின்றன. அத்தாலியாதான் இன்றைய அந்தால்யா. என் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, விமானத்திலேயே அந்தப் பக்கங்களை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

எந்த மாதத்தில் போகலாம்?

மே கடைசி, அல்லது அக்டோபர் முதல் பாதி. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 பாகையைத் தாண்டுவது சாதாரணம். நிழலே இல்லாத இடிபாடுகளில் அந்த வெயிலில் நடப்பது வீண் அவஸ்தை. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அக்டோபரிலும் இதமாக இருக்கும், கூட்டமும் வடிந்திருக்கும். டிசம்பர், ஜனவரி மழைக்காலம். பள்ளி விடுமுறையால் ஆகஸ்டில்தான் முடியும் என்பவர்கள், காலை ஏழரை மணிக்கே கிளம்பிப் பதினொன்றுக்குள் இடிபாடுகளை முடித்துவிட்டுக் கடலுக்குப் போய்விடுங்கள்.

விசா வேண்டுமா?

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்புரிமை அட்டையோ கையில் இருந்தால், 30 நாளுக்கான மின்விசாவை இணையத்திலேயே வாங்கலாம். அது ஒரே ஒரு முறை நுழைவதற்கானது. ஒரு முறை என்பதை நினைவில் வையுங்கள். மேற்கே உள்ள காஷ் என்ற ஊரைப் பற்றிச் சொல்லும்போது இது மறுபடி வரும். விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்குமுன் துருக்கி அரசின் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டலில் விற்கும் டூர்களை வாங்குவதா, நாமே போவதா?

என் பதில்: இரண்டு இடங்களுக்கு டூர், மற்றதெல்லாம் நீங்களே.

டூர் பேருந்து எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது. காலை ஆறரைக்கு உங்களை ஏற்றும். பிறகு வழிநெடுக ஓட்டல் ஓட்டலாக நின்று ஆள் சேர்க்கும். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம் அதிலேயே போய்விடும். டிக்கெட் விலை ரொம்பக் குறைவாக இருந்தால், நடுவில் நகைக்கடையோ தோல் ஆடைக் கடையோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் நாங்கள் போன பேருந்து அப்படி ஒரு தோல் கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தியது. அதன்பின் அஸ்பெந்தோஸ் அரங்கத்துக்குக் கொடுத்தது நாற்பது நிமிடம். என் மகள் மேல் வரிசைக்கு ஏறிப் போய் உட்காருவதற்குள் கைடு கொடியைத் தூக்கிவிட்டார். அவள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. வாங்குமுன் “வழியில் எந்தக் கடையிலாவது நிறுத்துவீர்களா? இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?” என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாமே போவது கடினமும் இல்லை. இங்கே ‘தொல்முஷ்’ என்று சிறு வேன்கள் ஓடுகின்றன. அந்தச் சொல்லுக்கே ‘நிரம்பியது’ என்றுதான் பொருள். நம் ஷேர் ஆட்டோ போல, கைகாட்டினால் நிற்கும், சொன்ன இடத்தில் இறக்கிவிடும். அந்தால்யா பேருந்து நிலையத்திலிருந்து கரையோரமாக இரண்டு பக்கமும் அடிக்கடி வண்டி உண்டு. கார் எடுப்பவர்களுக்கு டி-400 நெடுஞ்சாலை. கரையை ஒட்டியே போகும். வண்டி ஓட்டுவது வலப்பக்கம் என்பதால் முதல் நாள் ஊருக்குள் ஓட்டாதீர்கள். தெம்ரேயிலிருந்து காஷ் வழியாகக் கால்கான் வரை வளைவுகள் அதிகம். இருட்டுமுன் கடந்துவிடுவது நல்லது.

டூர் எடுக்கலாம் என்று நான் சொன்ன இரண்டு: கெகோவா படகுப் பயணம், கோப்ருலு பள்ளத்தாக்கில் ராஃப்டிங், அதாவது ரப்பர் படகில் ஆற்றின் வேகத்தோடு போவது. இரண்டாவது, ரோமர் காலப் பாலம் ஒன்று இன்னும் நிற்கிற குளிர்ந்த ஆற்றில். முதல் தடவை துடுப்புப் பிடிப்பவர்களுக்கும் ஏற்றது.

அந்தால்யா ஊருக்குள்ளேயே என்ன பார்க்கலாம்?

காலெய்ச்சி என்ற பழைய கோட்டைப் பகுதி. கி.பி. 130-ல் ரோமப் பேரரசன் ஹேட்ரியன் வந்ததற்காகக் கட்டிய மூன்று வளைவு வாசல் வழியாக உள்ளே நுழையுங்கள். தரையில் வண்டிச் சக்கரம் பதிந்த தடம் தெரியும். சந்துகள் எல்லாம் சரிந்து சரிந்து பழைய துறைமுகத்தில் போய் முடியும். வழியில் வரிவரியாக அமைத்த செங்கல் மினாரெட் (பள்ளிவாசல் கோபுரம்) ஒன்று நிற்கும். 13-ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட துருக்கிய அரச மரபினரான செல்ஜூக்குகளுடையது. மாலையில் காராலியோலு பூங்கா ஓரம் உட்கார்ந்தால் எதிரே வளைகுடா, அதற்கு அப்பால் பெய் மலைத்தொடர் அடுக்கடுக்காக நீலம் மாறுவது தெரியும். செலவில்லாத மாலை. நாங்கள் மூன்று நாள் தொடர்ந்து அங்கேதான் போய் உட்கார்ந்தோம்.

அருங்காட்சியகம் பற்றி ஒரு எச்சரிக்கை. பெர்கேயில் தோண்டியெடுத்த சிலைகளுக்குப் பேர்போன அந்தால்யா அருங்காட்சியகத்தின் பழைய கட்டடம் 2025-ல் மூடப்பட்டது. இப்போதைய நிலையைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

பெர்கே, அஸ்பெந்தோஸ், தெர்மெசோஸ், சீதே. இந்தப் பழைய ஊர்களில் ஒரே ஒன்றுதான் முடியும் என்றால்?

யார் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

குழந்தைகள், பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து போனால் அஸ்பெந்தோஸ். ஊரிலிருந்து சுமார் 45 கி.மீ. மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில், அதாவது கி.பி. 161-க்கும் 180-க்கும் இடையில், செனோன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய அரங்கம். மேடைக்குப் பின்னாலுள்ள சுவர் முழு உயரத்துக்கு இன்னும் நிற்கிறது. இப்படிக் குலையாமல் நிற்கும் ரோம அரங்கங்கள் மிகச் சில. பின்னாளில் செல்ஜூக்குகள் இதைப் பராமரித்துப் பயன்படுத்தியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒருவரைக் கீழே நடுவில் நிற்கவைத்து மெல்லப் பேசச் சொல்லிவிட்டு நீங்கள் உச்சி வரிசையில் உட்காருங்கள். சொல் சொல்லாகக் கேட்கும். இதைப் பற்றி ஊரில் ஒரு கதையும் உண்டு. ஊருக்கு மிகப் பயனுள்ளதைக் கட்டுகிறவனுக்கே மகளைத் தருவேன் என்றானாம் அரசன். தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை ஒருவன் கட்டினான், அரங்கத்தை மற்றவன். தண்ணீர் கட்டியவனுக்கே பெண் என்று முடிவான நேரத்தில், உச்சியில் நின்ற அரசன் காதில் “அரசன் மகள் எனக்குத்தான்” என்று ஒரு முணுமுணுப்பு விழுந்தது. சுற்றிலும் யாருமில்லை. கீழே, வெகு கீழே, அரங்கம் கட்டியவன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான். அரசன் முடிவை மாற்றிக்கொண்டான். அந்தத் தண்ணீர்க் கால்வாயின் தூண்களும் ஊருக்கு வடக்கே வயல்களுக்கு நடுவில் இன்னும் நிற்கின்றன. டூர் பேருந்துகள் அங்கே பெரும்பாலும் போவதில்லை. நீங்கள் போங்கள்.

கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் பெர்கே. நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் என்று மேல்நிலை வகுப்பில் படிக்கிறோமே, கூம்பு வெட்டிகளைப் பற்றிய அந்தப் பாடத்துக்கு அடிப்படை போட்ட அப்பொலோனியஸ் இந்த ஊர்க்காரர். இங்கே நான் அதிக நேரம் நிற்பது தெற்கு வாசலில். அதைப் புதுப்பித்து, சிலைகள் நிறுத்தி அழகுபடுத்தியவர் பிளாங்க்யா மாக்னா என்ற பெண். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரின் உயர் பதவிகளை வகித்தவர். அந்தால்யாவிலிருந்து ஆக்சு வரை டிராமில் போய், அங்கிருந்து இரண்டு கி.மீ.க்குள் நடந்துவிடலாம்.

கால் நன்றாக இருக்கிறவர்களுக்குத் தெர்மெசோஸ். கடல்மட்டத்துக்கு 1000 மீட்டருக்கு மேல், காட்டுக்குள். கி.மு. 333-ல் இந்தப் பக்கம் வந்த அலெக்சாண்டர் இதைப் பிடிக்க முடியாமல் போய்விட்டான். அரங்கத்தின் விளிம்பில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். இங்கே எதையும் மீட்டுக் கட்டவில்லை. கல் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது, கல்லறைகள் சரிவெல்லாம் கவிழ்ந்து கிடக்கின்றன. மேலே கடையோ தண்ணீரோ இல்லை; ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துப் போங்கள். எனக்கு இந்தக் கரையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

சீதே கடைகளால் நெருக்கியடிக்கும் ஊர். கடல் ஓரத்து அப்பொலோ கோயில் தூண்களைச் சூரியன் மறையும் நேரத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

கெகோவாவில் மூழ்கிய நகரத்தின் மேல் நீந்தலாமா?

முடியாது. கெகோவா தீவின் வடகரையில் இருந்த ஊர், கி.பி. 2-ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் பாதி தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பகுதியில் நீந்தவும் மூழ்கவும் தடை. படகு மெதுவாக ஓரமாகப் போகும். தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டுகளும் வீட்டுச் சுவர்களும் தெரியும். விளம்பரப் படங்களைப் பார்த்து, ஒரு நகரமே தூண்களோடு அடியில் நிற்கும் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் கால் வைத்து ஏறிய படி இன்று மீன்களுக்கு இடையே இருப்பதை நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு அதுவே பெரிது. குளிப்பதற்குப் படகு வேறு விரிகுடாக்களில் நிறுத்தும்.

எதிர்க்கரையில் சிமேனா. கார் போகும் சாலை இல்லாத ஊர். படகில் அல்லது நடந்து வரவேண்டும். கோட்டைக்குள்ளே பாறையில் குடைந்த ஏழே வரிசை அரங்கம். கரையோரத் தண்ணீரில் தனியாக நிற்கும் ஒரு கல் சவப்பெட்டி. படகுக்காரரிடம் இங்கே நேரம் கூட்டிக் கேளுங்கள்.

இதே டூரில்தான் தெம்ரேயும் வரும். அதுதான் மீறா. பாறை முகத்தில் வீடு வீடாகக் கல்லறைகள்; உற்றுப் பார்த்தால் மரவீட்டின் உத்தர முனைகளைக் கூடக் கல்லில் செதுக்கியிருப்பது தெரியும். இந்தக் கரையின் மேற்குப் பகுதியில் அந்நாளில் வாழ்ந்த லீசியாக்காரர்கள் இறந்தவருக்கும் தாங்கள் குடியிருந்த வீட்டின் சாயலிலேயே இடம் அமைத்திருக்கிறார்கள். ஊருக்குள் புனித நிக்கோலாஸ் ஆலயம். கிறிஸ்துமஸ் தாத்தாவாகப் பிள்ளைகள் அறிந்தவர், 4-ஆம் நூற்றாண்டில் இங்கே ஆயராக இருந்தவர். 1087-ல் இத்தாலியின் பாரி நகரத்து மாலுமிகள் அவருடைய எலும்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மலையில் தானாக எரியும் நெருப்பு உண்மையா?

உண்மை. சிராலி கிராமத்துக்கு மேலே, யானர்தாஷ், அதாவது ‘எரியும் கல்’. பாறைப் பிளவுகளிலிருந்து மீத்தேன் கசிந்து, பல இடங்களில் சிறு சிறு தீயாக எரிந்துகொண்டே இருக்கிறது. வாயில் நெருப்புக் கக்கும் கிமேரா என்ற விலங்கைப் பற்றிய கிரேக்கக் கதையின் ஊற்று இதுதான் என்று முன்னோர் சொன்னார்கள். பகலில் பார்ப்பதில் பயனில்லை. இருட்டத் தொடங்கும்போது வாசலில் இருங்கள். கல் படிகளில் அரை மணி நேர ஏற்றம். டார்ச் அவசியம். இறங்கும்போதுதான் சறுக்கும். இதற்காக அந்தால்யாவிலிருந்து இரவு போய் வருவதைவிட, சிராலியில் ஓர் இரவு தங்குங்கள். காலையில் கரையோரமாகவே நடந்தால் ஒலிம்போஸ் இடிபாடுகள். ஆற்று முகத்துவாரம், கொடி படர்ந்த சுவர்கள், அப்புறம் கடல்.

குழந்தைகளோடு குளிக்க எந்தக் கரை?

லாரா மணல் கரை, ஆழம் மெல்லக் கூடும். கோன்யாஆல்ட்டி கூழாங்கல், சீக்கிரம் ஆழமாகிவிடும். ரப்பர் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். காப்புதாஷ் மிக அழகு, ஆனால் நீண்ட படிக்கட்டும் அலையும் உண்டு; நீந்தத் தெரிந்தவர்களுக்கு.

பத்தாரா மணல் பல கிலோமீட்டர் நீளம். கோடையில் கடலாமைகள் முட்டையிடும் இடம் என்பதால் இரவில் மூடிவிடுவார்கள். சிராலியிலும் முட்டைக் குழிகளைச் சுற்றிக் கம்பி வலை வைத்திருப்பார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்புடையவை. இரவில் கரையில் ஒருவர் டார்ச் அடித்தாலும் அவை கடலை விட்டு வேறு பக்கம் போய்ச் சாகும். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னால் அவர்கள்தான் நம்மைவிடக் கவனமாக இருக்கிறார்கள்.

பத்தாராவில் மணலோடு நின்றுவிட வேண்டாம். பின்னால் லீசியா ஊர்களின் கூட்டமைப்பு கூடிய மன்றம் இருக்கிறது. 23 ஊர்கள், பெரிய ஊருக்கு மூன்று ஓட்டு, நடுத்தரத்துக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று. அமெரிக்க அரசியலமைப்பு உருவான நாளில் இந்த ஏற்பாட்டை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள்.

காஷ் வரை போவது பயனுள்ளதா?

190 கி.மீ. தொலைவு, வளைவான சாலை. ஒரே நாளில் போய்வர வேண்டாம். இரண்டு இரவு தங்க முடிந்தால் போங்கள். சிறிய, நிதானமான ஊர். அதன் அருகே உலுபுருன் முனைக்கு அடியில், 1982-ல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் ‘காதுள்ள பிஸ்கட்’ போன்ற உலோகக் கட்டிகளைக் கண்டதாகச் சொன்னார். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் மூழ்கிய ஒரு வணிகக் கப்பல் அது. உள்ளே சுமார் 10 டன் செம்பு, கண்ணாடிக் கட்டிகள், தந்தம், கருங்காலி. அந்தப் பொருட்கள் இப்போது போத்ரும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

காஷிலிருந்து அரை மணி நேரத்துக்குள் படகில் போகும் தூரத்தில் மெய்ஸ் என்ற கிரேக்கத் தீவு. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அது ஷெங்கன் எல்லை. ஷெங்கன் விசா வேண்டும். அதோடு, ஒரு முறை நுழையும் துருக்கி மின்விசாவில் வந்தவர்கள் தீவுக்குப் போனாலே நாட்டைவிட்டு வெளியேறியதாகிவிடும். திரும்பி நுழையப் புது விசா தேவை. காலையில் டிக்கெட் வாங்கிவிட்டுத் துறையில் தவித்த ஒரு குடும்பத்தை நானே பார்த்தேன்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

கவலை வேண்டாம், கேட்டு வாங்க வேண்டும் அவ்வளவுதான். ‘எத்சிஸ்’ என்றால் இறைச்சி இல்லாதது. உருளைக்கிழங்கோ கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்துத் தோசைக்கல் போன்ற தட்டில் சுடும் கொஸ்லெமே எங்கும் கிடைக்கும். அந்தால்யாவின் பியாஸ் தனிச் சுவை: வெள்ளை மொச்சை போன்ற பயறு, மேலே எள் விழுது. முட்டை வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். ஐரான் என்பது உப்புப் போட்ட மோர். பருப்பு சூப்பும் சோறும் சில இடங்களில் இறைச்சி வேகவைத்த நீரில் செய்கிறார்கள். ‘எத் சுயு வார் மீ?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்நாட்டில் இருக்கும் பமுக்கலே (வெள்ளைச் சுண்ணாம்புப் படித்தளங்கள்), கப்படோக்கியா (விசித்திர வடிவப் பாறைகள்): ஒரே நாளில் போய்வர முடியுமா?

பமுக்கலே போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. முடியும், ஆனால் களைத்துப்போவீர்கள். கப்படோக்கியா 500 கி.மீ.க்கு மேல், ஒரே நாளில் வேண்டவே வேண்டாம்.

முழங்கால் வலியுள்ள பெற்றோருக்கு எந்த இடம் ஏற்றது?

தாத்தாலி மலை ரோப் கார். 4350 மீட்டர் நீளக் கம்பி, சுமார் பத்து நிமிடத்தில் 2365 மீட்டர் உச்சியில் இறக்கிவிடும். கீழே கொதிக்கும் நாளிலும் மேலே சால்வை வேண்டும். மேகம் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். அலான்யாவும் நல்லது. கோட்டை மேட்டுக்கு ரோப் கார் இருக்கிறது. கீழே 1226-ல் கட்டிய எண்கோணச் செங்கோபுரம், அதையடுத்து 1228-ன் கப்பல் கட்டும் துறை. ஐந்து வளைவு அறைகளுக்குள் கடல் இன்னும் வந்து போகிறது. அந்தால்யாவிலிருந்து 135 கி.மீ. என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருக்கும்.

கடைசி நாள், விமானம் இரவில். என்ன செய்யலாம்?

பெட்டியை ஓட்டலில் வைத்துவிட்டு, லாரா பக்கம் போகும் பேருந்தில் கீழ் தூதென் அருவிக்குப் போங்கள். ஆறு ஒன்று ஊர் வழியாக வந்து, சுமார் 40 மீட்டர் பாறையிலிருந்து நேராகக் கடலில் விழுகிறது. மேலே பூங்கா, கட்டணமில்லை. அருவியின் பக்கத்தில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும், பிற்பகல் வெயிலில் வானவில் தெரியும். எங்கள் கடைசி நாளில் என் அம்மா அங்கே கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றார். கூப்பிட மனம் வரவில்லை. விமான நிலையத்துக்கு டிராம் உண்டு. பழைய நகரத்துக்குப் பக்கத்தில், இஸ்மெத்பாஷா நிறுத்தத்திலேயே ஏறிக்கொள்ளலாம்.